அறிவியல் உண்மையும் அதைச் சொல்லும் மனிதரும்

அறிவியல் கண்டறியும் உண்மைகள் மனிதரின் விருப்பு வெறுப்புகளிலிருந்தும் சமூகத்தின் அழுத்தங்களிலிருந்தும் விலகி நிற்கக்கூடியவையா என்பது கேள்வி. இதற்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் புழக்கத்தில் உள்ளன. ஈர்ப்பு விசைக்கு நாடும் மொழியும் தெரியாது, ஆகவே அறிவியல் எல்லாச் சார்புகளுக்கும் அப்பாற்பட்டது என்பார்கள் ஒரு சாரார். அறிவியலைச் செய்பவர்கள் மனிதர்கள், அதற்குப் பணம் தருபவை அரசுகளும் நிறுவனங்களும், ஆகவே அதுவும் சமூகம் புனைந்த கதைகளில் ஒன்று என்பார்கள் மறுசாரார். இரு சாராரும் தத்தம் வாதத்தின் முதற்பாதியில் சரியாகத்தான் இருக்கிறார்கள். ‘ஆகவே’ என்ற சொல்லுக்குப் பிறகுதான் சறுக்குகிறார்கள்.

சறுக்கலுக்குப் பெருமளவு காரணம், ‘உண்மை’ என்ற சொல்லை நாம் இரண்டு பொருள்களில் மாற்றி மாற்றி ஆள்வது. ‘உள்’ என்ற வேரிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குப் பழைய வழக்கில் ‘உளதாம் தன்மை’ என்ற பொருள் உண்டு. அந்தப் பொருளில் அதன் எதிர்ச்சொல் பொய் அன்று, இன்மை. ஒருவர் சொல்லும் சொல் பழுதின்றி இருப்பதைக் குறிக்க ‘வாய்மை’ என்று வேறொரு சொல் இருந்தது. இன்று இரண்டையும் ‘உண்மை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். இங்கே அந்தப் பழைய வேறுபாட்டை மீட்டுக்கொள்வது உதவும். உலகில் உள்ளது எதுவோ அது உண்மை. அதைப் பற்றி மனிதர்கள் அளந்தும் கணக்கிட்டும் எழுதிவைப்பது வாய்மை, அல்லது வாய்மை என்று கோரப்படும் கூற்று. முன்னது நம் தாக்கத்துக்கு அப்பாற்பட்டது என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. பின்னது எப்போதும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு மொழியில், ஏதோ ஒரு கருவியை வைத்துச் சொன்னதுதான். அறிவியல் என்று நாம் அழைப்பது இந்தப் பின்னதன் தொகுப்பு. எனவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது: மனிதர் சொன்ன ஒரு கூற்று, சொன்னவரைச் சாராமல் நிற்கும் நிலையை அடைய முடியுமா? முடியும் என்பது என் பதில். ஆனால் அந்த நிலை பிறப்பிலேயே வாய்ப்பதில்லை. உழைத்துப் பெற வேண்டியது. அந்த உழைப்போ முழுக்க முழுக்க ஒரு சமூக வேலை.

இந்தக் கேள்வியை 1930 ஜூலை 14 அன்று, பெர்லினுக்கு அருகே காபுத் என்ற ஊரிலிருந்த ஐன்ஸ்டீனின் கோடை இல்லத்தில் அவரும் தாகூரும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். மனித மனத்தோடு தொடர்பற்ற உண்மை ஒன்று இருந்தாலும் அது நமக்கு இல்லாததற்கே சமம் என்பது தாகூரின் நிலை. பைதாகரஸ் தேற்றம் மனிதர் இல்லாவிட்டாலும் செல்லும் என்பது ஐன்ஸ்டீனின் நிலை. தம் நிலையை நிரூபிக்க முடியாது, ஆனால் அதில் தமக்கு உறுதியான நம்பிக்கை உண்டு என்று ஐன்ஸ்டீன் ஒப்புக்கொண்டது பலருக்கு நினைவிருப்பதில்லை. உரையாடல் முடிவு காணாமலே கலைந்தது. இருவரும் வெவ்வேறு பொருளில் ‘உண்மை’ என்ற சொல்லை ஆண்டால் வேறென்ன நடக்கும்?

அதே ஜூலை மாதத்தின் கடைசி நாளில், 19 வயது நிரம்பிய இயற்பியல் மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தில் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்த கணக்கும் அதற்கு நேர்ந்ததும், காபுத் உரையாடலைவிட நம் கேள்விக்கு அதிக வெளிச்சம் தருகின்றன என்று நான் நினைக்கிறேன். ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் சொந்த ஈர்ப்பால் சுருங்குகிறது. மிக அடர்த்தியாகச் சுருங்கியபின், நெருக்கித் தள்ளப்பட்ட எலக்ட்ரான்கள் குவாண்டம் விதிகளின்படி ஒரு வெளித்தள்ளும் அழுத்தத்தைத் தருகின்றன. அது ஈர்ப்பைத் தாங்கி நிற்கும்போது விண்மீன் வெண் குறுமீனாக அடங்குகிறது. எல்லா விண்மீன்களும் இறுதியில் இப்படி அமைதியாக அடங்கிவிடும் என்று அப்போது கருதப்பட்டது. ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும் என்பதையும், அப்போது ஐன்ஸ்டீனின் சார்பியல் விதிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதையும் சந்திரசேகர் கவனித்தார். சேர்த்துப் பார்த்தபோது, குறிப்பிட்ட ஒரு நிறைக்கு மேல் அந்த அழுத்தம் ஈர்ப்பிடம் தோற்றுவிடும் என்று வந்தது. சூரிய நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று குறிப்பிடப்படும் எல்லை அதுதான். அதற்கு மேற்பட்ட நிறையோடு சுருங்கும் விண்மீன் வெண் குறுமீனாக நிற்க முடியாது. சுருங்கிக்கொண்டே போக வேண்டும்.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் இதை அவர் முன்வைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அக்காலத்தின் மிகப் பெரிய வானியற்பியலாளர், சந்திரசேகரோடு அதே கேம்பிரிட்ஜ் கல்லூரியில் இருந்தவர், அந்தக் கணக்கு வளர்வதை உடனிருந்து பார்த்தவர். விண்மீன் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்ற தொனியில் அவர் பேச, கூட்டம் சிரித்தது. பின்னர் சந்திரசேகர் தரப்பில் கேட்டபோது, குவாண்டம் இயற்பியலின் முன்னணி அறிஞர்கள் சிலர் எடிங்டனின் மறுப்பில் சாரம் இல்லை என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். பொதுவெளியில் அவரை எதிர்த்துப் பேச அவர்களில் பெரும்பாலோர் அப்போது முன்வரவில்லை. சந்திரசேகர் 1930களின் இறுதியில் அந்தத் துறையை விட்டு விலகி வேறு ஆய்வுகளுக்குச் சென்றார். நோபல் பரிசு 1983-இல் வந்தது. எடிங்டனின் நடத்தையில் இனப்பாகுபாடு இருந்ததா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. ஜீன்ஸ், மில்ன் போன்ற சக ஆங்கிலேயரையும் அவர் இதே காரத்தோடு தாக்கியவர் என்பதையும் அந்த விவாதத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கதையைச் ‘சமூகத் தாக்கம்’ என்ற தலைப்பில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது பாதிக் கதை. அந்த எல்லையை நெருங்கியவர் சந்திரசேகர் ஒருவரே அல்லர். எஸ்டோனியாவின் தார்த்து நகரில் வில்ஹெல்ம் ஆண்டர்சனும், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எட்மண்ட் ஸ்டோனரும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே வகையான எல்லைக்கு வந்து சேர்ந்தார்கள். சற்றுப் பின்னர் சோவியத் இயற்பியலாளர் லாண்டாவும் தனிவழியில் வந்தார். அணுகுமுறையில் வேறுபாடுகள் இருந்தன, எண்களில் சிறு வேறுபாடுகள் இருந்தன. எல்லை ஒன்று உண்டு என்பதில் வேறுபாடு இல்லை. காலனி நாட்டு மாணவர், ஆங்கிலேயப் பல்கலைக்கழக ஆசிரியர், சிறு பால்டிக் நாட்டு ஆய்வாளர், பொதுவுடைமை அரசின் குடிமகன் என நால்வருக்கும் சமூகப் பின்னணி என்ற வகையில் பொதுவானது மிகக் குறைவு. பொதுவாக இருந்தவை குவாண்டம் விதிகளும் சார்பியல் விதிகளும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: தம் கணக்கின் விளைவை லாண்டாவாலும் ஏற்க முடியவில்லை, அவ்வளவு கனத்த விண்மீன்களுக்குள் குவாண்டம் விதிகளே செல்லாமற்போகலாம் என்று எழுதினார். கணக்கு அவர் விரும்பாத இடத்துக்கு அவரைக் கொண்டுபோய் விட்டிருந்தது. புனைகதையில் ஆசிரியர் விரும்பாத முடிவு ஆசிரியரை மீறி வருவது அரிது. நிறை அளக்கப்பட்ட வெண் குறுமீன்களில் இதுவரை அந்த எல்லையைத் தாண்டியது எதுவும் இல்லை. எடிங்டனின் செல்வாக்கு ஓங்கியிருந்த ஆண்டுகளிலும் அவை தாண்டியிருக்கவில்லை.

ஆக, அதிகாரமும் கூச்சமும் அவையோர் சிரிப்பும் சேர்ந்து ஒரு கூற்று ஏற்கப்படும் காலத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டன. கூற்றின் உள்ளடக்கத்தை அவற்றால் மாற்ற முடியவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். அதேபோல, தள்ளிப்போனதைச் சிறு விஷயமாக ஒதுக்குவதும் தவறு: வானியலில் தாமதத்தால் யாரும் சாகவில்லை, மருத்துவத்தில் அப்படி இல்லை. 1847-இல் வியன்னாவின் மகப்பேற்று மருத்துவமனையில் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவினால் தாய்மாரின் சாவு வெகுவாகக் குறைகிறது என்று அங்கு பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ் காட்டியும், அவர் 1865-இல் இறக்கும்வரை மருத்துவ உலகின் பெரும்பகுதி அதை ஏற்கவில்லை.

எடிங்டன் நம் கேள்விக்கு இன்னொரு விதத்திலும் பயன்படுகிறார். 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது விண்மீன் ஒளி சூரியனருகே எவ்வளவு வளைகிறது என்று அளக்க இரண்டு பிரிட்டிஷ் குழுக்கள் சென்றன. ஒன்று ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிபித் தீவுக்கு, அதில் எடிங்டன் இருந்தார். மற்றொன்று பிரேசிலின் சோப்ராலுக்கு. ஐன்ஸ்டீன் சொன்ன வளைவு 1.75 கோண விநாடி. நியூட்டனின் விதியிலிருந்து பெறக்கூடியது அதில் பாதி. பிரின்சிபியில் மேகம் கெடுத்ததால் சில ஒளிப்படத் தகடுகளே தேறின. அவை ஏறத்தாழ 1.6 காட்டின. சோப்ராலின் ஒரு தொலைநோக்கி ஏறத்தாழ 2 காட்டியது. அங்கிருந்த இன்னொரு கருவியின் தகடுகள் நியூட்டனுக்கு நெருக்கமான மதிப்பைக் காட்டின. குவியம் கெட்டிருந்தது என்ற காரணத்தால் அவற்றுக்கு மதிப்பளிக்கப்படவில்லை. எடிங்டன் போரை எதிர்த்த குவேக்கர், அதாவது அமைதிவாதக் கிறித்துவப் பிரிவொன்றைச் சேர்ந்தவர். ஜெர்மன் மொழி பேசும் ஓர் அறிஞரின் கொள்கையை ஆங்கிலேயர் உறுதி செய்வதைப் பகை தணிக்கும் செயலாகவும் பார்த்தவர். சார்பியலில் ஏற்கனவே மனம் பறிகொடுத்தவர். எனவே விரும்பிய முடிவுக்காகத் தரவைக் கழித்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவர் மீது உண்டு. சோப்ரால் தகடுகளை அளந்தது டைசன் தலைமையிலான கிரீனிச் வானாய்வகம் என்பதும், டைசன் சார்பியலில் எடிங்டனைப்போல ஈடுபாடு கொண்டவர் அல்லர் என்பதும் அந்தக் குற்றச்சாட்டைப் பெரிதும் தளர்த்துகின்றன. 1979-இல் புதிய கருவிகளால் அந்தத் தகடுகளை மீண்டும் அளந்தபோது, ஒதுக்கப்பட்ட தகடுகளே ஐன்ஸ்டீனின் மதிப்பை ஒட்டி வந்தன.

ஆனால் நான் சொல்லவருவது எடிங்டனை விடுவிப்பதைப் பற்றியது அன்று. குற்றச்சாட்டு முழுவதும் மெய்யென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒளி வளைவின் அளவு மாறப்போவதில்லை. பிற்காலத்தில் ரேடியோ தொலைநோக்கிகள் கிரகணத்துக்காகக் காத்திராமலே அதே வளைவை அளந்து, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழையோடு ஐன்ஸ்டீனின் மதிப்பை உறுதி செய்துள்ளன. அந்த அளவீடுகளைச் செய்தவர்களுக்கு முதல் உலகப்போரின் பகையைத் தணிக்கும் நோக்கம் எதுவும் இருந்திருக்காது. 1919-இல் சார்பு கொண்டிருந்த எடிங்டன் சரியான பக்கத்தில் நின்றார். 1935-இல் சார்பு கொண்டிருந்த அதே எடிங்டன் தவறான பக்கத்தில் நின்றார். ஒருவருக்குச் சார்பு இருந்தது என்று காட்டுவதால் அவர் கூற்று பொய் என்று ஆகிவிடாது, சார்பு இல்லை என்று காட்டுவதால் மெய் என்றும் ஆகிவிடாது. இணைய விவாதங்களில் பாதிக்கு மேல் இந்த ஓர் இடத்தில்தான் தடம் புரள்கின்றன என்பது என் அனுபவம்: ‘இதற்குப் பணம் கொடுத்தது யார்?’ என்று கேட்டுவிட்டால் விவாதம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அது சந்தேகத்தைத் தொடங்கி வைக்கும் கேள்வி, தீர்ப்பு அன்று.

இதுவரை சொன்னதெல்லாம் அறிவியலின் பக்கம் சாய்வாகத் தோன்றலாம். மறுபக்கத்தின் வலுவான வாதம் மனிதர்களின் உள்நோக்கத்தைப் பற்றியது அன்று, கருவிகளைப் பற்றியது. யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே, ஓர் எண்ணுக்குள் சமூகம் புகுந்து உட்கார்ந்துகொள்ள முடியும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இதற்கு மிகத் தெளிவான சான்று. அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, இரண்டும் எந்த விகிதத்தில் உறிஞ்சப்படுகின்றன என்று பார்க்கிறது. ஆக்ஸிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஏற்றாத ஹீமோகுளோபினும் அந்த இரண்டு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன என்பதே அடிப்படை. இந்த இயற்பியலில் எந்தச் சார்பும் இல்லை. ஆனால் விகிதம் தானாகவே சதவீதமாக மாறிவிடாது. உடல்நலமுள்ள தன்னார்வலர்களின் ஆக்ஸிஜன் அளவைப் படிப்படியாகக் குறைத்து, தமனி இரத்தத்தில் நேரடியாக அளந்த மதிப்போடு அந்த விகிதத்தை ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரிக்கிறார்கள். கருவி அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் எண்ணைச் சொல்கிறது. அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வெளிர்நிறத் தோல் கொண்டவர்கள். தோலின் கருமை நிறமியும் ஒளியை உறிஞ்சும்.

விளைவு என்ன ஆயிற்று என்பதை 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு காட்டியது. கருவி 92 முதல் 96 சதவீதம் வரை, அதாவது கவலைப்பட வேண்டாத அளவைக் காட்டிய நேரங்களில், தமனி இரத்தத்தில் உண்மையான அளவு 88 சதவீதத்துக்கும் கீழே இருந்த நிலை வெள்ளையின நோயாளிகளின் அளவீடுகளில் 3.6 சதவீதமாகவும் கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதமாகவும் இருந்தது. கோவிட் பெருந்தொற்றின் நடுவில், இந்த எண்ணைப் பார்த்தே மருத்துவமனையில் சேர்ப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கருமை நிறத் தோலில் கருவி மிகையாகக் காட்டக்கூடும் என்ற எச்சரிக்கை 1990 முதலே ஆய்விதழ்களில் வந்திருந்தது. 2025 ஜனவரியில்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பல்வேறு தோல் நிறத்தவரை அதிக எண்ணிக்கையில் சேர்த்துச் சோதிக்கக் கோரும் வரைவு நெறிமுறையை வெளியிட்டது.

இங்கே எந்த மருத்துவரும் பொய் சொல்லவில்லை, எந்தப் பொறியாளரும் இனவெறியர் என்று காட்டத் தேவையில்லை. யாரை ‘பொதுவான மனிதர்’ என்று எடுத்துக்கொள்வது என்ற, ஒருவரும் உரக்கக் கேட்காத ஒரு கேள்விக்கு ஒரு சமூகம் வழக்கமாகத் தரும் விடை, அட்டவணைக்குள் சென்று, அங்கிருந்து திரையில் ஒளிரும் இரண்டிலக்க எண்ணாக வெளியே வந்துவிட்டது. அறிவியலின் சார்பற்ற தன்மையில் நம்பிக்கை உள்ளவர்கள் இந்த எடுத்துக்காட்டை எளிதில் தாண்டிப் போகக் கூடாது. அதே நேரம், கருவி தவறு செய்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தமனி இரத்தத்தை எடுத்து வேறொரு முறையில் அளந்து ஒப்பிட்டுத்தான். ஓர் அளவீட்டின் சார்பை இன்னோர் அளவீடு காட்டிக்கொடுத்தது. ஆக்ஸிஜனின் உண்மை அளவு என்று ஒன்றே இல்லை, எல்லாம் சமூகக் கட்டமைப்பு என்று சொல்பவருக்கு, அந்தக் கருவி தவறு என்று சொல்லும் தகுதியும் சேர்ந்தே போய்விடுகிறது. எதை ஒப்பிட்டுத் தவறு என்பது?

1970களில் எடின்பரோவில் டேவிட் புளூர் முதலிய சமூகவியலாளர்கள் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். வென்ற கொள்கைகளை ‘அது உண்மை, அதனால் வென்றது’ என்றும் தோற்ற கொள்கைகளை ‘சமூகக் காரணங்களால் ஏமாந்தார்கள்’ என்றும் இரட்டை அளவுகோலால் விளக்கக் கூடாது, இரண்டையும் ஒரே வகைக் காரணங்களால் விளக்க வேண்டும் என்பது அதன் சாரம். வரலாறு எழுதும் முறை என்ற அளவில் இது நல்ல ஒழுக்கம். 1919-இல் எடிங்டனுக்கும் சார்பு இருந்தது என்று நம்மைப் பார்க்க வைப்பது இதுதான். இதிலிருந்து இன்னொரு படி தாவி, கொள்கை வென்றதில் உலகின் இயல்புக்குப் பங்கே இல்லை என்று முடிக்கும் சிலரோடு எனக்கு உடன்பாடு இல்லை. காரணங்களின் பட்டியலில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, ஆராயப்பட்ட பொருளை மட்டும் விட்டுவிடுவது வினோதமான நேர்மை.

வழக்காறுகளையும் கண்டுபிடிப்புகளையும் குழப்பிக்கொள்வதும் இதன் பக்கவிளைவு. 2006-இல் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து பன்னாட்டு வானியல் ஒன்றியம் வாக்கெடுப்பால் நீக்கியதைக் காட்டி, அறிவியல் உண்மைகளே வாக்கெடுப்பால் முடிவாகின்றன என்று சிலர் சொல்வதுண்டு. வாக்கெடுக்கப்பட்டது ‘கோள்’ என்ற சொல்லின் வரையறை. புளூட்டோவின் நிறையோ சுற்றுப்பாதையோ அன்று. மீட்டர் என்பதன் நீளத்தை மனிதர் முடிவு செய்யலாம், முடிவு செய்தும் இருக்கிறார்கள். மேசை எத்தனை மீட்டர் என்பதை முடிவு செய்ய முடியாது.

சரி, சார்புள்ள மனிதர்களைக் கொண்டு சாராத கூற்றை எப்படி உருவாக்குவது? தனிமனிதர் தம் மனத்தைத் தூய்மைப்படுத்திக்கொள்வதால் இது நடக்காது என்பதே அறிவியலின் மிகப் பெரிய நடைமுறைக் கண்டுபிடிப்பு என்று நான் கருதுகிறேன். ஈர்ப்பு அலைகளைத் தேடிய லிகோ கூட்டமைப்பு இதற்குச் செய்த ஏற்பாடு அழகானது. மிகச் சிலருக்கு மட்டும் தெரியும்படி, கருவிகளுக்குள் போலிச் சமிக்ஞை ஒன்றை இரகசியமாகப் புகுத்தும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. 2010 செப்டம்பரில் ஒரு சமிக்ஞை வந்தது. நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் அதைப் பல மாதங்கள் அலசி, கண்டுபிடிப்பை அறிவிக்கும் கட்டுரையையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில், அது போலியா மெய்யா என்ற விடையை மூடிவைத்திருந்த உறை எல்லோர் முன்னிலையிலும் பிரிக்கப்பட்டது; சமிக்ஞை போலி என்று தெரிந்தது; கட்டுரை கிடப்பில் போடப்பட்டது. மெய்யான சமிக்ஞை 2015 செப்டம்பர் 14 அன்று வந்தபோது, இதுவும் போலியாக இருக்குமோ என்ற ஐயமே பலருக்கு முதலில் எழுந்தது. தம் ஆசையைத் தாமே நம்பாத ஒரு கூட்டம், அந்த அவநம்பிக்கையை விதியாக்கி வைத்திருந்தது. இதுவும் சமூகத் தாக்கம்தான். ஆய்விதழ் மதிப்பீடு, மறுசோதனை, மருந்தா வெறும் மாத்திரையா என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்தும் சோதனை ஆகியவையும் இதே வகை.

எனவே ‘சமூகத் தாக்கம்’ என்பதை ஒட்டுமொத்தமாகத் தீட்டு என்று ஒதுக்குவதில் பொருளில்லை. எந்த வகைச் சமூகம் என்று கேட்க வேண்டும். சோவியத் ஒன்றியத்தில், சூழலால் பயிர்கள் பெறும் மாற்றங்கள் அடுத்த தலைமுறைக்கும் செல்லும் என்று கூறி மரபியலை மறுத்த வேளாண் ஆய்வாளர் லிசென்கோவின் கொள்கைகளுக்கு ஸ்டாலினின் ஆதரவு கிடைத்தது. அவரை எதிர்த்த தாவர மரபியலாளர் நிகோலாய் வவீலோவ் 1940-இல் கைதாகி 1943-இல் சரதோவ் சிறையில் இறந்தார். 1948 ஆகஸ்டில் நடந்த வேளாண் கல்விக்கழகக் கூட்டத்துக்குப் பின் மரபியல் கற்பிப்பதே தடைப்பட்டது. அங்கும் ஆய்வகங்கள் இருந்தன, இதழ்கள் இருந்தன, பட்டங்கள் இருந்தன. இல்லாதது, ‘நீங்கள் சொல்வது தவறு’ என்று சொல்லிவிட்டு இரவில் வீட்டில் நிம்மதியாகத் தூங்கும் உரிமை ஒன்றுதான். கோதுமை லிசென்கோ சொன்னபடி நடக்கவில்லை.

கூற்றின் உள்ளடக்கத்தையும் அதன் மீதான சமூகத் தாக்கத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினமாகும் இடங்களும் உண்டு. மனிதர்களைப் பற்றிய அறிவியல்கள் அவற்றில் முதன்மையானவை. எலக்ட்ரான் தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படிப்பதில்லை, மனிதர் படிக்கிறார்கள். ஒருபால் ஈர்ப்பை 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியதையும் புளூட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். இரண்டும் வகைப்பாட்டு மாற்றங்களே. புளூட்டோ தன் வழியில் சுற்றிக்கொண்டிருந்தது; இங்கோ ஒரு பெயர் நீங்கியதும் கோடிக்கணக்கானவர்கள் தம்மைப் பார்க்கும் விதமும், குடும்பங்களும் சட்டங்களும் அவர்களைப் பார்க்கும் விதமும் மாறத் தொடங்கின. அந்த மாற்றம் மீண்டும் ஆய்வாளர்கள் அளக்கும் மனநலத்தையே மாற்றும். இத்துறைகளில் பார்ப்பவரையும் பார்க்கப்படுவதையும் இயற்பியலில் போலப் பிரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இன்னொரு இடம், எந்தத் துறைக்கும் பொதுவானது: கேள்விகளைத் தேர்ந்தெடுப்பது. உறைக்குள் வைத்த இரகசியம் விடையைக் காக்கும், கேள்வியைக் காக்காது. புகைப்பிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1950-இல் வலுவாக வெளிப்பட்ட பிறகு, புகையிலை நிறுவனங்கள் பெருமளவில் பொய்த் தரவுகளை உருவாக்க வேண்டியிருக்கவில்லை; புற்றுநோய்க்கு வேறு காரணங்கள் என்னென்ன இருக்கலாம் என்ற ஆய்வுகளுக்குத் தாராளமாகப் பணம் கொடுத்தாலே போதுமானதாக இருந்தது. அந்த ஆய்வுகளில் பல தம்மளவில் சரியானவை. ஒவ்வொரு கூற்றும் சரியாக இருக்க, மொத்தப் படம் மட்டும் தவறாக அமைவது இப்படித்தான். எந்த மறுசோதனையும் இதைப் பிடித்துவிடாது, ஏனெனில் மறுசோதனை செய்யப்பட்டவற்றைத்தான் சோதிக்கும்.

கேட்காமல் விட்ட கேள்விக்கு மருந்துகளிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. சோல்பிடெம் என்ற தூக்க மருந்து அமெரிக்காவில் 1992-இல் ஒப்புதல் பெற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பரிந்துரைத்த அளவு ஒன்றே, 10 மில்லிகிராம். 2013-இல் பெண்களுக்கான அளவை 5 மில்லிகிராமாகப் பாதியாக்கும்படி உணவு, மருந்து நிர்வாகம் கோரியது. பெண்களின் உடல் அம்மருந்தை மெதுவாக வெளியேற்றுவதால், மறுநாள் காலையில் வண்டி ஓட்டும் நேரத்திலும் அது இரத்தத்தில் மிகுதியாகத் தங்கியிருந்தது. அந்த மெதுவான வெளியேற்றம் 1992-இலும் உண்மையாகத்தான் இருந்தது. மருந்துப் பெட்டியிலுள்ள தாளில் அது தனி அளவாக ஏற 20 ஆண்டுகள் ஆயின.